ஒன்லி: "தான்" வரும் இடமெல்லாம் இது வருமா?

வைட்ஃபீல்ட்_பிரபு

வணக்கம். ஆபீஸ் மெயிலில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல். "நான்தான் ஃபைலை அனுப்பினேன்" என்பதற்கு "ஐ ஒன்லி சென்ட் த ஃபைல்" என்று எழுதினால், இங்கே பெங்களூரு டீமுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. வெளிநாட்டு கிளையன்ட் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார். கீழே உள்ளவற்றில் எதற்கு ஒன்லி வரும், எதற்கு வராது?

நான்தான் அனுப்பினேன்.
இப்பதான் வந்தேன்.
இங்கேதான் இருக்கேன்.
அஞ்சு பேர்தான் வந்தாங்க.
கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.
அதைத்தான் நானும் சொன்னேன்.


அல்சூர்_இலக்கணம்

பிரபு, முதலில் அந்த மெயில். "ஐ ஒன்லி சென்ட் த ஃபைல்" என்பதை லண்டனில் இருப்பவர் எப்படிப் படிப்பார் தெரியுமா? "நான் அனுப்புகிற வேலையை மட்டும்தான் செய்தேன். தயாரித்ததும் சரிபார்த்ததும் நான் இல்லை." பொறுப்பை ஏற்றுக்கொள்ள நீங்கள் எழுதியது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக அங்கே போய்ச் சேருகிறது. ஃபைலில் பிழை இருக்கும் நாளில் இது பெரிய வம்பாகிவிடும்.

காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஏகாரத்துக்கு, அதாவது "அவரே" என்பதில் போலச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ஏ-வுக்கு, தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்லும், நன்னூல் ஆறு சொல்லும். அந்த இரண்டு பட்டியலிலும் பிரிநிலை, தேற்றம் என்ற இரண்டும் உண்டு. பிரிநிலை என்றால் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து மற்றதை விலக்குவது. தேற்றம் என்றால் உறுதிப்படுத்துவது, அவ்வளவே. அது யாரையும் விலக்காது. இன்றைய பேச்சில் இந்த இரண்டு வேலையையும் "தான்" பார்க்கிறது. ஆங்கில ஒன்லி அடிப்படையில் பிரிநிலைச் சொல். தேற்றத்துக்கு அதைக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் பிழை.

சோதனை எளிது. "தான்" இருக்கும் இடத்தில் "மட்டும்" வைத்துப் பாருங்கள். "அஞ்சு பேர் மட்டும் வந்தாங்க": பொருள் மாறவில்லை, ஆகவே ஒன்லி. "இங்கே மட்டும் இருக்கேன்": பொருள் கெட்டுவிட்டது, ஆகவே ஒன்லி கிடையாது.


கேஆர்புரம்_செல்வி

ஐயா சொன்ன சோதனை நல்லது, ஆனா ஒரு இடத்துல வழுக்கும். பிரபுவோட அஞ்சாவது வாக்கியத்தைப் பாருங்க. "கடை பத்து மணிக்கு மட்டும் திறக்கும்"னு தமிழ்ல சொல்ல மாட்டோம். மட்டும் சோதனைப்படி பார்த்தா ஒன்லி வரக்கூடாது. ஆனா "த ஷாப் ஓப்பன்ஸ் ஒன்லி அட் டென்" ஆங்கிலத்துல சரியான வாக்கியம்தான்.

நேரம், தேதி, வயசு வந்தா வேற சோதனை வேணும்: "அதுக்கு முன்னாடி இல்லை"ன்னு சேர்த்துப் பார்க்கணும். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், அதுக்கு முன்னாடி இல்லை. பொருந்துது, அதனால ஒன்லி வரலாம். இதைவிட இயல்பா "த ஷாப் டஸின்ட் ஓப்பன் அன்டில் டென்"னு சொல்வாங்க. தாமதத்தை அழுத்தறப்ப எதிர்மறையும் அன்டிலும் சேர்ந்து வர்றதுதான் அவங்க காதுக்குப் பழக்கம்.

"நேத்துதான் பார்த்தேன்" அதே குடும்பம். "ஐ சா ஹிம் ஒன்லி யெஸ்டர்டே" சரி. ஒன்லி யெஸ்டர்டேக்கு முன்னாடி நிக்குது பாருங்க. "யெஸ்டர்டே ஒன்லி"ன்னு பின்னாடி போட்டா அது நம்ம ஊர் ஆங்கிலம். தமிழ்ல தான், மட்டும், ஏ எல்லாமே சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும். ஆங்கிலத்துல ஒன்லி பெரும்பாலும் சொல்லுக்கு முன்னாடி வரும். கை தன்னால பின்னாடி போயிடும், அதைத்தான் கவனிக்கணும்.


அல்சூர்_இலக்கணம்

செல்வி அம்மா சொன்னது சரி. நேரத்துக்கு "முன்னாடி இல்லை" சோதனை, மற்றதற்கு மட்டும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். "இப்பதான் வந்தேன்" நேரம் போலத் தெரிந்தாலும் அதற்கு ஒன்லி இல்லை, ஜஸ்ட். "ஐ ஹவ் ஜஸ்ட் கம்". "ஒன்லி நௌ" என்று ஆரம்பித்தால் "இவ்வளவு நாள் இல்லாமல் இப்போதுதான்" என்ற கனமான பொருள் வந்துவிடும்: "ஒன்லி நௌ டூ ஐ அண்டர்ஸ்டாண்ட்." வீட்டுக்குள் நுழைந்ததைச் சொல்ல அவ்வளவு கனம் வேண்டாம்.


மல்லேஸ்வரம்_வாசன்

ஒரு மாற்றுக்கருத்து. "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்பதைப் பிழை என்று ஒதுக்குவது நியாயமா? கன்னடத்தில் "இல்லே இதீனி" என்றால் இங்கேதான் இருக்கிறேன். இந்தியில் "யஹீன் ஹூம்". தெலுங்கிலும் மலையாளத்திலும் இப்படி அழுத்தும் ஒட்டோ சொல்லோ உண்டு. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒன்லி போட்டால், அது கோடிக்கணக்கானோர் பேசும் இந்திய ஆங்கிலத்தின் விதி. ஆட்டோவில் ஏறி "டிராப் மீ ஹியர் ஒன்லி" என்றால் டிரைவர் சரியான இடத்தில் நிறுத்துகிறார். மொழியின் வேலை முடிந்துவிட்டதே.

(கன்னட "இல்லே"யைக் கேட்டு, தமிழில் "இல்லை" என்கிறார்கள் என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் குழம்புவது உண்டு. இங்கே இருக்கிறேன் என்பவரை இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.)


ஜெயநகர்_மீனா

வாசன் சார், நமக்குள்ளே பேசும்போது அது பிழை இல்லை என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது வெளிநாட்டு கிளையன்ட் பற்றி. அங்கே அந்த விதி செல்லாது. தேர்விலும் செல்லாது. வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல். "ஐ லிவ் இன் பெங்களூரு ஒன்லி" போன்றவை தொடர்ந்து வந்தால் இலக்கணத்திலும் சொல்வளத்திலும் மதிப்பெண் இறங்கும்.

படிக்கும் பகுதியில் ஒன்லி இன்னும் ஆபத்து. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் வகைக் கேள்வியில், கட்டுரை "இந்தச் செடி மலைப்பகுதியில் வளர்கிறது" என்று மட்டும் சொல்லியிருக்கும். கேள்வி வாக்கியம் "மலைப்பகுதியில் ஒன்லி வளர்கிறது" என்று இருக்கும். பலர் ட்ரூ போடுவார்கள். நம் காதுக்கு அது வெறும் தேற்றம், அதனால் கண்ணில் படாமல் போகிறது. கட்டுரை வேறு இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் விடை நாட் கிவன். சமவெளியிலும் வளரும் என்று வேறொரு வரியில் இருந்தால் ஃபால்ஸ். கேள்வியில் ஒன்லியைக் கண்டால் அடிக்கோடிட்டுவிட்டு, "மற்றதை விலக்கும் வரி கட்டுரையில் எங்கே?" என்று தேட வேண்டும்.

விடை எழுதும் குறிப்பில் "ஒன் வேர்ட் ஒன்லி" என்று இருந்தால் ஒரே சொல்தான். முன்னால் "த" சேர்த்து எழுதினாலும் இரண்டு சொல்லாகி விடை தவறாகும்.


சிவாஜிநகர்_ரஹீம்

வாசன் அண்ணா, ஆட்டோவில் இறங்க அது போதும். வாடகை ஒப்பந்தத்தில் போதாது. மூன்று வாக்கியம் தருகிறேன், ஒன்லி நகர்வதை மட்டும் பாருங்கள்.

"ஒன்லி த டெனன்ட் ஷல் யூஸ் த ஃபிளாட் ஃபார் ரெசிடென்ஸ்." குடியிருப்பவர் ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். அப்பா அம்மா வந்து தங்கினால் ஓனர் இந்த வரியைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

"த டெனன்ட் ஷல் யூஸ் ஒன்லி த ஃபிளாட் ஃபார் ரெசிடென்ஸ்." ஃபிளாட் மட்டும். மொட்டை மாடி அறையோ அவுட் ஹவுஸோ சேராது.

"த டெனன்ட் ஷல் யூஸ் த ஃபிளாட் ஒன்லி ஃபார் ரெசிடென்ஸ்." குடியிருக்க மட்டும், கடையோ டியூஷன் சென்டரோ நடத்தக்கூடாது. ஓனர் பெரும்பாலும் சொல்ல நினைப்பது இதைத்தான்.

பல டிராஃப்டில் நான்காவது ஒன்று இருக்கும்: "ஷல் ஒன்லி யூஸ் த ஃபிளாட்..." வினைக்கு முன்னால் போட்டால் பின்னால் வரும் எதையும் அது பிடிக்கலாம். பேச்சில் குரல் அழுத்தம் வந்து காப்பாற்றும். காகிதத்துக்குக் குரல் கிடையாது. எழுத்தில், எதைப் பிரிக்கிறோமோ அதற்கு ஒட்டி முன்னால் வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் எங்கெல்லாம் ஒன்லி இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது நல்லது, குறிப்பாக அட்வான்ஸ் திருப்பித் தரும் பத்தியில்.


வைட்ஃபீல்ட்_பிரபு

ரஹீம் பாய், அப்போ செக்கில் "ரூபீஸ் ஃபைவ் தௌசண்ட் ஒன்லி" என்று கடைசியில் வருகிறதே? "லேடீஸ் ஒன்லி" போர்டும் அப்படித்தானே?


சிவாஜிநகர்_ரஹீம்

போர்டும் அறிவிப்பும் தனி வழக்கம். "எக்ஸிட் ஒன்லி", "மெம்பர்ஸ் ஒன்லி" என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும். முழு வாக்கியம் இல்லாததால் அதில் குழப்பம் வராது.

செக்கில் அதற்குக் காவல் வேலை. தொகைக்குப் பின்னால் யாரும் இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தொகையைக் கூட்டாதபடி வாசலை அடைக்கிறது. தமிழ் ரசீதில் "ரூபாய் ஐயாயிரம் மட்டும்" என்று போடுவதும் அதற்கே. "அக்கவுன்ட் பேயீ ஒன்லி" என்று மூலையில் கோடு போட்டு எழுதினால், பெயர் எழுதப்பட்டவரின் கணக்கில்தான் பணம் சேரும், கவுன்ட்டரில் ரொக்கமாகக் கிடைக்காது. இதெல்லாம் அசல் பிரிநிலை.


கோரமங்களா_கார்த்தி

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு: "ரீட் ஒன்லி" என்று தினமும் பார்க்கிறோம். படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ முடியாது. ஒன்லி என்று கை டைப் செய்யும்போதெல்லாம் இந்த பர்மிஷனை நினைத்துக்கொண்டால் போதும். "நான் இதில் எதை மறுக்கிறேன்?" எதையும் மறுக்கவில்லை என்றால் அந்த ஒன்லியை அழித்துவிடலாம்.

ரிக்வயர்மென்ட் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: "ஒன்லி இஃப்". "அலவ் லாகின் இஃப் த ஓடிபி மேட்சஸ்" என்றால் ஓடிபி சரியாக இருந்தால் விடு. வேறு வழியில் விடலாமா என்பதை அது சொல்லவில்லை. "ஒன்லி இஃப்" என்றால் ஓடிபி சரியாக இல்லாமல் விடவே கூடாது, ஆனால் ஓடிபி சரியாக இருந்தாலே போதும் என்று உறுதி தரவில்லை. இரண்டும் வேண்டுமென்றால் "இஃப் அண்ட் ஒன்லி இஃப்". தமிழில் "ஓடிபி சரியா இருந்தாதான் விடணும்" என்று ஒரே "தான்" போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் இது பலருக்குத் தட்டுவதில்லை.

சொல்லைத் திருப்பிப்போட்டு "இஃப் ஒன்லி" என்றால் ஏக்கம். "இஃப் ஒன்லி ஐ நியூ கன்னடா": எனக்குக் கன்னடம் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இன்றைய ஏக்கத்துக்கு இறந்தகால வினை, போன காரியத்துக்கு "ஹேட்" சேர்ந்த வினை: "இஃப் ஒன்லி ஐ ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்."


ஜெயநகர்_மீனா

இதோடு சேர்ந்தது இன்னொன்று. வாக்கியத்தின் தலையில் ஒன்லி வந்து, அது நேரத்தையோ இடத்தையோ நிபந்தனையையோ பிடித்தால், முக்கிய வினையில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும். "ஒன்லி ஆஃப்டர் த பேமென்ட் டிட் த போர்ட்டல் ஓப்பன்." "ஒன்லி இஃப் யூ பே வில் தே இஷ்யூ த கார்ட்." இஃப் பகுதிக்குள் திருப்பவில்லை, பின்பகுதியில்தான் திருப்பியிருக்கிறது. இரண்டிலும் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒன்லி எழுவாயையே பிடித்தால் திருப்புதல் கிடையாது: "ஒன்லி ரவி நோஸ்."

"நாட் ஒன்லி" தலையில் வந்தாலும் திருப்ப வேண்டும்: "நாட் ஒன்லி டிட் ஹீ கம் லேட், பட் ஹீ ஆல்சோ..." இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் நிற்கட்டும். "நாட் ஒன்லி இன் தமிழ் பட் ஆல்சோ இன் கன்னடா." ஒரு பக்கம் இன் போட்டு மறுபக்கம் விட்டால் நொண்டும்.


கேஆர்புரம்_செல்வி

பேச்சுத் தமிழோட "ஒரே"யையும் சேர்த்துக்கணும். பிள்ளைங்க அதுல ரொம்பத் தடுமாறுவாங்க. "ஒரே வழி"ன்னா "தி ஒன்லி வே", முன்னாடி த அவசியம். "ஒரே ஊர்"னா சேம், "த சேம் டவுன்". "ஒரே மழை"ன்னா அது ரெண்டும் இல்லை, விடாம பெய்யுதுன்னு அர்த்தம்; "இட் கீப்ஸ் ரெயினிங்"னு சொல்லணும்.

"ஒரே பிள்ளை"க்கு மூணு வடிவம். "ஷீ இஸ் ஆன் ஒன்லி சைல்ட்": கூடப் பிறந்தவங்க இல்லை. "ஷீ இஸ் தி ஒன்லி சைல்ட் இன் த ரூம்": அந்த அறையில வேற குழந்தை இல்லை. "ஷீ இஸ் ஒன்லி எ சைல்ட்": சின்னக் குழந்தைதானே, விடுங்க. ஆன், தி, எ மூணும் எங்கே நிக்குதுன்னு பாருங்க, அர்த்தம் அதுலதான் தொங்குது.

உச்சரிப்பும் சொல்லிடறேன். எழுதறப்ப ஒன்லின்னு எழுதினாலும் முதல் எழுத்து ஓகாரம் மாதிரி நீளணும். நம்ம வாய் "ஒண்ணு"வை "வொண்ணு"ன்னு சொல்ற பழக்கத்துல "வொன்லி"ன்னு வந்துடும். அந்த வகரம் வேண்டாம். உதட்டைக் குவிச்சுக்கிட்டு நேரா ஓன்னு ஆரம்பிங்க. ஒன்லிங்கிற சொல்லே "ஒன்"னும் "லி"யும் சேர்ந்ததுதான். ஆங்கிலத்துல "ஒன்" பிற்காலத்துல "வன்"னு மாறிடுச்சு, ஆனா ஒன்லியும் அலோனும் பழைய ஒலியிலேயே நின்னுடுச்சு.


அல்சூர்_இலக்கணம்

அலோன் என்றதும் நினைவுக்கு வருகிறது. "இந்த ஃபைல் மட்டும் காணோம்" என்பதற்கு "திஸ் ஃபைல் அலோன் இஸ் மிஸ்ஸிங்" என்று நம் அலுவலகங்களில் எழுதுவார்கள். வெளியே இது விசித்திரமாக ஒலிக்கும். "ஒன்லி திஸ் ஃபைல் இஸ் மிஸ்ஸிங்" போதும். பெயருக்குப் பின்னால் அலோன் வந்தால் பெரும்பாலும் "இது ஒன்றே போதும், மற்றதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்" என்ற தொனி. "ரென்ட் அலோன் டேக்ஸ் ஹாஃப் த சாலரி": வாடகையே பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. பாருங்கள், அந்த "வாடகையே"யில் நம் ஏகாரம்!

ஏகாரம் எத்தனை வேடம் போடுகிறது என்பது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். "அவரே சொன்னார்": ஹிம்செல்ஃப். "அவனே வரல": ஈவன். "இன்னிக்கே வேணும்": டுடே என்று சொல்லி அழுத்தினால் போதும், டுடே இட்செல்ஃப் நம்மூர் வழக்கு. இந்த மூன்றில் எதற்கும் ஒன்லி இல்லை.


மல்லேஸ்வரம்_வாசன்

ரஹீமின் மூன்று வாக்கியத்துக்குப் பிறகு என் வாதத்தைச் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன். பேச்சுக்கு நம் ஒன்லி இருக்கட்டும், எழுத்துக்கும் வெளியாருக்கும் பிரிநிலை மட்டும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம். தேற்றத்தை அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் பிறகு என்னதான் வழி? ஒன்லியை எடுத்துவிட்டு வெறுமனே "ஐ சென்ட் இட்" என்றால் அந்த உறுதி வரவில்லையே.


அல்சூர்_இலக்கணம்

நல்ல கேள்வி வாசன் சார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும்.

ஆளை அழுத்த வாக்கியத்தைப் பிளக்க வேண்டும்: "இட் வாஸ் ரவி ஹூ டோல்ட் மீ", அல்லது "ஹீ இஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ". செயலை அழுத்த டிட்: "ஐ டிட் சென்ட் இட்" என்றால் "அனுப்பத்தான் செய்தேன்". இடத்துக்கு ரைட்: "ரைட் ஹியர்". சொன்ன விஷயத்துக்கு எக்ஸாக்ட்லி. ஊர் பேர் சொல்லும்போது ஒன்றுமே வேண்டாம். "நான் மதுரைதான்" என்பது "ஐ ஆம் ஃப்ரம் மதுரை", அவ்வளவே. ஒன்றும் போடாமல் விடுவதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் "தான்" இல்லாத வாக்கியம் நம் காதுக்கு உப்பில்லாத மோர் போல இருக்கிறது. அவர்கள் அந்த உப்பைக் குரலில் போடுகிறார்கள்: "ஐ சென்ட் இட்" என்பதில் ஐயை உயர்த்திச் சொன்னால் அது "நான்தான்".


கோரமங்களா_கார்த்தி

படிக்கும்போது மாட்டும் இரண்டு தொடர்களையும் சேர்த்துவிடுகிறேன். "ஹீ ரஷ்ட் டு மெஜஸ்டிக் ஒன்லி டு ஃபைண்ட் த பஸ் ஹேட் லெஃப்ட்." பஸ் போய்விட்டதைக் கண்டுபிடிக்கவே ஓடினான் என்று பொருள் இல்லை! ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் போயிருந்தது, ஓடியது வீண். "ஒன்லி டூ ஹேப்பி" என்பதில் டூ இருந்தாலும் குறை ஒன்றும் இல்லை: "ஐ வுட் பி ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்", மனசார உதவுகிறேன்.


வைட்ஃபீல்ட்_பிரபு

எல்லாருக்கும் நன்றி. ஆறையும் திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

நான்தான் அனுப்பினேன்: ஐ ஆம் த ஒன் ஹூ சென்ட் த ஃபைல்.
இப்பதான் வந்தேன்: ஐ ஹவ் ஜஸ்ட் கம்.
இங்கேதான் இருக்கேன்: ஐ ஆம் ரைட் ஹியர்.
அஞ்சு பேர்தான் வந்தாங்க: ஒன்லி ஃபைவ் பீப்பிள் கேம்.
பத்து மணிக்குத்தான் திறக்கும்: ஒன்லி அட் டென் த ஷாப் ஓப்பன்ஸ்.
அதைத்தான் சொன்னேன்: தட் இஸ் எக்ஸாக்ட்லி வாட் ஐ செட்.


ஜெயநகர்_மீனா

ஐந்தாவது மட்டும் தவறு. ஒன்லியைத் தலைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், அப்புறம் திருப்பவில்லை. "ஒன்லி அட் டென் டஸ் த ஷாப் ஓப்பன்" என்று வர வேண்டும். மெயிலுக்கு அவ்வளவு நாடகம் வேண்டாம், செல்வி அக்கா சொன்ன "டஸின்ட் ஓப்பன் அன்டில் டென்" போட்டுவிடுங்கள். "ஐ ஹவ் ஜஸ்ட் கம்" தவறில்லை, ஆனால் ஆபீஸுக்கோ வீட்டுக்கோ வந்து சேர்ந்ததைச் சொல்ல "ஐ ஹவ் ஜஸ்ட் அரைவ்ட்" அல்லது "ஐ ஜஸ்ட் காட் ஹியர்" இன்னும் இயல்பு. மற்ற நான்கும் அப்படியே அனுப்பலாம்.